ஸ்டோர் கணினியில் திறந்திருந்த கதை

செவ்வாய்க்கிழமை

இல்லை, என் கதையை யாரும் திருடவில்லை. நானேதான் திறந்து வைத்துவிட்டு வந்தேன். கம்பெனி கேட்டிலேயே ஃபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதனால் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர் ரூம் கணினியில் என் இணையக் கணக்கைத் திறந்து இரண்டு பக்கம் எழுதினேன். வெளியேற மறந்துவிட்டேன். அதன் பிறகு பஸ்ஸில் ஃபோனில் எழுதிய ஒவ்வொரு வரியும் அங்கேயும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் செல்வி அக்கா அந்தக் கதையில் இருக்கிறாள். பிரஸ் மெஷினில் அவள் விரல் போனதும், வீட்டில் அம்மிக்கல் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லும்படி கம்பெனி சொன்னதும் இருக்கின்றன. கம்பெனி மேல் வழக்குப் போடப்போவதை அவள் என்னிடம் மட்டும்தான் சொன்னாள்; அதையும் எழுதியிருந்தேன். பெயரைக்கூட நான் மாற்றவில்லை. முடித்த பிறகு மாற்றலாம் என்றிருந்தேன்.

இன்று சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, கதையெல்லாம் எழுதிக்கினு கீற? செல்வி கேஸு போடப்போறாளாமே? பிரிண்ட் எடுத்து மேல குடுத்துட்டேன். அவங்களும் படிக்கட்டும்."

தேர்வாய் கண்டிகையில் பஸ் ஏறியதும் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். "இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி கீது? உன் கதைல என்னை சாவடிச்சிட்டியா?" என்றாள். புதுவாயலில் அவள் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு வந்து கதைக் கோப்பை அழித்தேன். ஃபோன், மடிக்கணினி, ஸ்டோர் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் போயிருக்கும். அந்தப் பிரிண்ட் மட்டும் போகாது.

பிறகு, பஸ்ஸில் சொல்லாததைச் சொல்ல அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.