அன்று சக்கரம் சுற்றவில்லை

மார்ச் 4, செவ்வாய்

பகல் முழுக்க ஒரு மேல்வரிசைப் பல்செட்டோடு மல்லுக்கட்டினேன். மெழுகில் பல்லை நிறுத்தினால் சாய்கிறது, சரிசெய்தால் பக்கத்துப் பல் சாய்கிறது. யாரோ ஒரு பெரியவர் அடுத்த வாரம் இதை மாட்டிக்கொண்டு சிரிக்கப் போகிறார். நான்தான் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

எதிரே, பிளாஸ்டர் மாவு டப்பாவில் சாய்த்து வைத்த போனில், அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பல்செட் செய்யும் இந்த லேபில் வந்து உட்கார்ந்ததும் வீடியோ காலைப் போடுவேன், கிளம்பும்போதுதான் நிறுத்துவேன். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. அவர் வேறு ஊரில், மூன்றாவது மாடியில், தனியாக இருக்கிறார். அம்மா போனதிலிருந்து என்னோடு வந்துவிடச் சொல்லிக் கெஞ்சுகிறேன். "நான் என்ன கைக்குழந்தையா?" என்கிறார். சரி, கண்ணெதிரிலாவது இருக்கட்டும்.

இந்த நெட் திட்டத்தை விற்றபோது போன் கடைத் தம்பி சொன்னது: "அன்லிமிடெட்க்கா. எவ்வளவு வேணா ஓட்டுங்க, தீரவே தீராது." தீராத ஒன்று கையில் இருப்பது பெரிய நிம்மதி.

மார்ச் 12, புதன்

தீர்ந்துவிட்டது.

அப்பா டம்ளரை வாயருகே கொண்டுபோனபடி நின்றுவிட்டார். முகத்தின் நடுவில் ஒரு வெள்ளைச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு குறுஞ்செய்தி: நியாயமான பயன்பாட்டு வரம்பைத் தாண்டிவிட்டேனாம், அதனால் வேகம் குறைக்கப்படுகிறதாம். நியாயமா? அப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பதில் எந்த அளவு நியாயம், எந்த அளவு அநியாயம்?

கடைத் தம்பியிடம் போய்க் கத்தினேன். அவன் அசரவில்லை. "தீரலையேக்கா, மெதுவாத்தானே போகுது? மாசம் முடிஞ்சா தானா சரியாயிடும்."

மாதக் கடைசிவரை ஓட்ட வேண்டியதுதான்.

மார்ச் 14, வெள்ளி

அப்பாவுக்கு இந்த நின்றுபோகிற படம் விளையாட்டாகிவிட்டது. இன்று வாயைத் திறந்தபடி, ஒரு கையைத் தூக்கியபடி, கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். "அப்பா? அப்பா, கேக்குதா?" என்று நான் போனைத் தட்டத் தட்ட அசையவே இல்லை. பிறகு குபீரென்று சிரித்தார்.

"எப்படி? சக்கரம் சுத்துச்சா?"

"இல்லை."

"அதை முதல்ல பாக்கணும்மா. சக்கரம் சுத்துனா கம்பெனி பண்ற வேலை. சுத்தலைன்னா உங்கப்பன் பண்ற வேலை."

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் புத்தி இன்னும் போகவில்லை. முதலாளிகூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

மார்ச் 18, செவ்வாய்

நின்ற அப்பாவோடு வேலை செய்யப் பழகிவிட்டேன். நிமிர்ந்தால் நிற்கிறார். நாலு பல்லை நிறுத்திவிட்டு நிமிர்ந்தால் இடம் மாறி நிற்கிறார். சக்கரத்தைக்கூட இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

மார்ச் 20, வியாழன்

அப்பா ஆஸ்பத்திரியில். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

எழுதிவிடுகிறேன். சொல்ல யாருமில்லை, உள்ளேயே வைத்திருந்தால் என்னைத் தின்றுவிடும்.

வியாழன் மதியம். டீ குடித்துவிட்டு வந்து நிமிர்ந்தேன். அப்பா நாற்காலியில், மூக்குக்கண்ணாடி கையில், தலை கொஞ்சம் சாய்ந்து, போனைப் பார்த்தபடி இருந்தார். குனிந்து வேலையைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். அதே கண்ணாடி, அதே சாய்வு. "நடிக்காதீங்கப்பா, வேலை இருக்கு" என்றேன். பதில் இல்லை. சரி, நெட்டுதான் என்று முடிவு கட்டினேன். கோபம் தலைக்கேறியது.

முதலாளியின் போனை வாங்கி கஸ்டமர் கேருக்கு அடித்தேன். காத்திருக்கச் சொல்லி ஒரு பாட்டு. அது முடிந்து ஒரு பெண் வந்தாள். அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். அன்லிமிடெட் என்று சொல்லி ஏமாற்றுகிறீர்களா, எங்கப்பா முகத்தை நிறுத்தி வைக்க நீங்கள் யார் — என்னென்னவோ பேசினேன். நன்றாகத்தான் பேசுகிறோம் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அவள் பொறுமையாகப் பார்த்துச் சொன்னாள்.

"மேடம், உங்களுக்குப் புது மாசம் நேத்தே ஆரம்பிச்சிடுச்சு. நீங்க ரீசார்ஜ் பண்ண தேதியிலேர்ந்துதான் மாசக் கணக்கு. இப்ப முழு ஸ்பீடு வந்துகிட்டு இருக்கு."

"பொய் சொல்லாதீங்க! படம் அப்படியே நிக்குது, கண்ணால பாத்துகிட்டு இருக்கேன்!"

அப்படிச் சொல்லிக்கொண்டே பார்த்தேன். அப்பாவுக்குப் பின்னால் ஜன்னல் திரை உப்பி எழுந்து, மெதுவாக அடங்கியது. மறுபடி எழுந்தது.

சக்கரம் இல்லை. ஐயோ, சக்கரமே இல்லை.

அப்பாவின் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் ஒரு சாவி இருக்கிறது. அவருக்கு அடித்து, "அண்ணே, ஓடுங்கண்ணே, அப்பா, அப்பா" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. கதவு திறந்ததையும், கழுத்தில் டேப்போடு அவர் ஓடி வந்ததையும், அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கியதையும் டப்பாவில் சாய்ந்திருந்த போனில் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடப் படம் நிற்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

மூளையில் அடைப்பு. உயிருக்கு ஆபத்தில்லை. வலது கையும் பேச்சும் போயிருக்கின்றன. பேச்சு கொஞ்சம் திரும்பலாம்.

டாக்டர், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கூட்டிட்டு வந்திருந்தா..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். அவர் முடித்திருக்கலாம்.

"நல்லவேளை, நீ பாத்தே" என்று தையல்காரர் எல்லோரிடமும் சொல்கிறார். பார்த்தேன்தான். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று அவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அப்பாவை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். இப்போது மறுக்க அவரால் முடியவில்லை. இப்படியா நான் ஜெயிக்க வேண்டும்?

முதலாளி என் மேசை வேலையை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார். ஜன்னல் பக்கம் அப்பா, சுவர்ப் பக்கம் நான். தடிமனான திரைகளைக் கழற்றிவிட்டு மெல்லிய துணி போட்டேன். லேசாகக் காற்று வந்தாலும் அசைய வேண்டும், நான் பார்க்க வேண்டும். யாராவது ஒரு கணம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் என் கண் முதலில் ஜன்னலுக்குத்தான் போகிறது. கனவிலும் அந்தத் திரைதான் எழுந்து அடங்குகிறது. நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று தெரிவதற்குள் விழித்துவிடுகிறேன்.

ஏப்ரல் 19, சனி

கம்பெனியிடமிருந்து செய்தி: உங்கள் புதிய மாதம் தொடங்கிவிட்டது, முழு வேகத்தை அனுபவியுங்கள். அழித்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

திட்டத்தை விட்டுவிட்டு, பேசுவதற்கு மட்டும் ஒன்றை எடுத்தேன். "அன்லிமிடெட்டை யாராச்சும் விடுவாங்களாக்கா?" என்று கடைத் தம்பி சிரித்தான். அவன்மீது பாய்ந்துவிடுவேன் என்று பயந்து, சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

அப்பாவுக்கு வார்த்தை திரும்புகிறது, ஒவ்வொன்றாக. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் காத்திருக்க வேண்டும். நடுவில் புகுந்து நானே முடித்துவைத்தால் கோபம் வருகிறது அவருக்கு.

இன்று கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அன்னைக்கு... நீ... போன்ல... யாரையோ... திட்டின."

கரண்டி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் அவர் அப்போது நினைவில்லாமல் இருந்தார் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மெல்ல மேலே போனது.

"என்ன... சக்கரம்... சுத்துதா?"

"அப்பா, உங்க படம் நின்னுபோச்சுன்னு நெனச்சேன்ப்பா. நெட்டுன்னு நெனச்சேன். சத்தியமா நெட்டுன்னுதான்ப்பா நெனச்சேன்."

தலையை ஆட்டினார். தெரியும் என்பதுபோல. அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

"எனக்கு... உன் படம்... நல்லா... தெளிவா... வந்துச்சும்மா."

கஞ்சி ஆறிப்போயிருந்தது. சூடு பண்ணிக்கொண்டு வந்து மிச்சத்தையும் கொடுத்தேன்.