சுகம் என்று எழுதவில்லை

சேசு மரி சூசை துணை

கோட்டைப்பட்டினம்
9-11-1941

என் அன்பிற்குரிய கணவர் அவர்களுக்கு, அடைக்கலமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது.

‘இவ்விடம் நானும் அத்தையும் சுகம்’ என்ற வரியை இந்தத் தடவை எழுதவில்லை. உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தாயார் உயிரோடு இருக்கிறார். நானும் இருக்கிறேன். ஆனால் கப்பலில் நான் வரவில்லை என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பினாங்குத் துறையில் கடைசி ஆள் இறங்கும் வரை நின்று பார்த்திருப்பீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. தந்தி என்றாலே சாவுச் சேதி என்று பதறிவிடுவீர்கள் என்பதால் தந்தியும் அடிக்கவில்லை. நடந்ததை முழுக்க எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய டிக்கெட் வந்த அன்று நான் சந்தோஷத்தில் வீட்டுக்குள்ளேயே ஓடினேன். பெரியவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. மழை ஓயும் வரை அம்மாவோடு இரு, பிறகு கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று என்னை இங்கே விட்டுவிட்டுக் கப்பல் ஏறினீர்கள். அதற்குப் பிறகு எத்தனை மழை ஓய்ந்துவிட்டது! நீங்கள் பிறந்த ஊரில் நானும், நான் பிறந்த ஊரில் நீங்களுமாக இருக்கிறோம். மாற்றிப் போட்டது யார் என்று தெரியவில்லை.

உங்கள் ஊரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். இந்தக் கடல் எனக்கு இப்போது பழகிவிட்டது. வந்த புதிதில் இதையா கடல் என்கிறார்கள் என்று நினைத்தேன். அலையில்லை, சத்தமில்லை, முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருக்கலாம். கப்பல் கரையோரம் வந்து நிற்கும் ஊரில் வளர்ந்தவளுக்கு இது குளம் மாதிரி இருந்தது. இப்போது வாடைக் காற்று தொடங்கிவிட்டதால் குளமும் கொஞ்சம் கோபத்தில் இருக்கிறது. கடல் பாசி கரையில் குவிந்து நாறுகிறது. வள்ளங்களை மேலே ஏற்றிவிட்டார்கள். காலையில் பள்ளிவாசல் பாங்கு கேட்கும்போதே எழுந்து வாசல் தெளிக்கிறேன். சூரியன் கடலுக்குள்ளிருந்து வருகிறது. அது உங்கள் பக்கத்திலிருந்துதானே வருகிறது என்று தினமும் நினைத்துக்கொள்வேன். ஊரில் இன்னமும் என்னைப் பினாங்குக்காரி என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பெயர் வரக் காரணம் என் பெலாச்சான். ஒரு நாள் கூனி இறால் மலிந்து கிடந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி உப்புப் போட்டு இடித்து, பிசைந்து வெயிலில் வைத்தேன். வாடை தெருக்கோடி வரை போய்விட்டது. அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏம்புள்ள, பொணத்த ஒணத்துறியா?” என்று அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டார். அன்றைக்கு நான் அழுதேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதைச் செய்யவேயில்லை.

இப்போது முக்கியமானதைச் சொல்கிறேன். அத்தைக்குப் போன வருஷத்திலிருந்து கண் மங்கிக்கொண்டே வருகிறது. ஒவ்வொரு கடிதத்திலும் இதை எழுதட்டுமா என்று கேட்டேன். “கடலுக்கு அங்கிட்டு இருக்கவனுக்குக் கெட்ட சேதி எழுதக் கூடாது தாயி. கேட்டுட்டு அவன் என்ன செய்வான், கடல்லயா குதிப்பான்? சொகம்னு எழுது” என்பார். உங்கள் குடும்பத்தில் அது பரம்பரை வழக்கமாம். நானும் சுகம் சுகம் என்றே எழுதினேன். நீங்களும் அதை நம்பி, அம்மா தனியாக இருந்துகொள்வார் என்று எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டீர்கள்.

டிக்கெட் வந்த மறுநாளே அத்தைக்குக் கண் தெளிந்துவிட்டது. அறந்தாங்கி வைத்தியர் கொடுத்த சொட்டு மருந்து வேலை செய்துவிட்டதாம். என் முன்னாலேயே கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் விறுவிறுவென்று நடந்து காட்டினார். “நீ போயி அவனுக்கு ஆக்கிப் போடு. இங்கிட்டு எனக்கு என்ன கொறச்சல்?” என்றார். தான் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து நடந்த வீட்டில் கண்ணை மூடிக்கொண்டுகூட நடக்கலாம் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைக்கக் கூடாது என்றுதான் என் மனசும் விரும்பியது. மழை பெய்யும் தகரக் கூரைச் சத்தத்தைக் கேட்க வேண்டும், அப்பாவின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

ஆமாம், அப்பா போனது எனக்குத் தெரியும். பினாங்கிலிருந்து திரும்பி வந்த சோலையப்பன் கடற்கரையில் என்னைப் பார்த்து, “ஒங்க அப்பா கல்லறைக்கு ஒங்க வீட்டுக்காரருதாங்க சிலுவை செஞ்சு நட்டாரு” என்று பெருமையாகச் சொன்னார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார் பாவம். அதற்கு முந்திய வாரம் வந்த உங்கள் கடிதத்தில், ‘உன் தகப்பனார் சுகம், உன்னைக் கேட்டார்’ என்று இருந்தது. நான் அவரை உயிரோடு வைத்து ஜெபம் செய்துகொண்டிருந்த மாதங்களையெல்லாம் நினைத்து உங்கள் மேல் மிகவும் கோபப்பட்டேன். பிறகு யோசித்தால், நானும் உங்களுக்கு அதையேதானே செய்துகொண்டிருந்தேன்.

புறப்பட்ட அன்று அத்தை தெருமுனை வரை வந்து வழியனுப்பினார். பக்கத்து வீட்டு மீரா உம்மா கையைப் பிடித்திருந்தார். அறந்தாங்கி வரை வண்டியில் வந்து, ரயில் ஏறி, நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பசித்தது. அத்தை கட்டிக்கொடுத்த சோற்று மூட்டையைப் பிரித்தேன். சோற்றுக்கு நடுவில் வாழை இலையில் தனியாக ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்ததும் வாடையிலேயே தெரிந்துவிட்டது. பெலாச்சான். நான் செய்ததை அன்றைக்குக் கொட்டியவர், எனக்குத் தெரியாமல் அடுத்த வீட்டில் வைத்து இடித்துக் காயப்போட்டிருக்கிறார், கப்பலில் நான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட வேண்டும் என்று.

ஆசையாக ஒரு வாய் வைத்தேன். பல்லில் நறநறவென்றது. விரித்துப் பார்த்தால் மணலும் பாசியும் சிப்பித் துணுக்கும் கூனியோடு சேர்ந்து கிடந்தன. கறிமீனில் ஒரு செதில் இருந்தாலும் என்னைத் திரும்ப அலச வைப்பவர் அவர். அந்தப் பொட்டலத்தில் இருந்தது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வரிசையில் என் முறை வந்தது. டிக்கெட்டைக் காட்டாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். கப்பல் போவதை நின்று பார்த்தேன். இப்போதும் எனக்கு அந்த வருத்தம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நீங்கள் அங்கே காத்திருப்பீர்கள் என்பது ஒரு பக்கம். கல்லறைத் திருநாளும் போய்விட்டது. அப்பாவுக்கு நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திரும்பி வந்து நான் வாசலில் நின்றபோது, வந்திருப்பது யார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. “யாருங்க, யாரு வேணும்?” என்று கேட்டார். நான் பேசியதும் வைதார், வாய் ஓயும் வரை வைதார். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, சாப்பிட்டியா என்றார்.

வெளிச்சத்தில் ஆள் நிழலாட்டம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. அதுவும் போவதற்குள் நீங்கள் வந்துவிட வேண்டும். சரக்குக் கிட்டங்கி முதலாளியிடம் லீவு கேளுங்கள், கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள். சண்டை அந்தப் பக்கமும் வரும் என்று கடைத்தெருவில் சிலர் பேசுகிறார்கள், வராது என்று சிலர் சொல்கிறார்கள். எதுவானாலும் அடுத்த கப்பலைப் பிடியுங்கள். ஒரு தடவை வாசலில் நின்று ‘ஆத்தா’ என்று கூப்பிடுங்கள், போதும்.

அத்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். எல்லாரும் சுகம் என்று எழுதுகிறேன் என்றேன். “சொகம்னு எழுத இம்புட்டுக் காயிதமா?” என்கிறார்.

பதில் போடும்போது எனக்குச் சுகம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று எழுதுங்கள். வர முடியாது என்றாலும் முடியாது என்றே எழுதுங்கள், நான் தாங்கிக்கொள்வேன். அத்தைக்குப் படிக்கும்போது நான் மாற்றிப் படித்துக்கொள்கிறேன்.

மாதா உங்களைக் கரை சேர்க்கட்டும்.

தங்கள்
அடைக்கலமேரி