ஐப்பசி மழையில் நீ உருட்டிய வடகம்

மத்தியானம் தயிர்சாதத்துக்கு மோர்மிளகாய் வறுத்தேன். நெடி மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட்டுவிட்டு, பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். உன் பெயர் இருந்த இடத்தில் உன் மருமகள் கலைச்செல்வியின் பெயர் இருக்கிறது. அச்சு கொஞ்சம் கோணல்தான். இருந்தாலும் மனசு லேசாயிற்று. நீ எனக்குச் செய்தி அனுப்புவது நின்ற பிறகுதான் என்னால் உனக்கு எழுத முடிகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ போனது தை மாசம், அறுவடை நேரம். மன்னார்குடி ரோடு முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். உன்னை ஏற்றிய வண்டி ஒதுங்கி ஒதுங்கித்தான் போயிற்று. அதற்கப்புறம் எதிரே உன் வீட்டு மாடியைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த ஐப்பசியில் ஒரு காலை, தெருவில் மழைத் தண்ணீர் முதல் படிவரை ஏறி நிற்கிறது, என் போன் மணி அடித்தது. திரையில் உன் பெயர், உன் முகம்.

கை நடுங்கியது என்று எழுதினால் அழகாக இருக்கும். நடுங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"அன்புச் செல்லங்களே! இன்று அதிகாலை எழுந்து, பொன்னான வெயிலில், என் கைகளாலேயே வெங்காய வடகம் உருட்டி மாடியில் காயவைத்தேன். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு தாயின் அன்பு கலந்திருக்கிறது." கீழே உன் பெயர். அதற்கும் கீழே, ஆர்டர் செய்ய இங்கே அழுத்தவும்.

உனக்கு முதல் திவசம்கூட வரவில்லை. ஆனால் நீ கொட்டுகிற மழையில் மாடியில் வடகம் உருட்டிக்கொண்டிருந்தாய். அதைவிட என்னை உறுத்தியது 'செல்லங்களே'. பெற்ற பிள்ளையையே நீ அப்படிக் கூப்பிட்டது கிடையாது. சென்னையிலிருந்து ஒரு அம்மாள் போனில், "இதெல்லாம் வீட்லயே செஞ்சதுங்களா?" என்று கேட்டதற்கு, "இல்லம்மா, ஆகாசத்துலேர்ந்து விழுந்துது. வேணுமா வேணாமா?" என்றவள் நீ. வெப்சைட்டுக்குப் படம் எடுக்க வந்தவர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். "சிரிச்சா மிளகா காயுமா?" என்று கேட்டு முறைத்தாய். அந்த முறைப்புதான் இன்றைக்கும் வெப்சைட்டில் இருக்கிறது.

எனக்கு நீ வைத்த பெயர் நினைவிருக்கிறதா? கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் குழாயடிக்கு வந்தேன். சிஸ்டர்கள் பழக்கிவிட்ட வாய், 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று சொல்லித் தொலைத்தது. நீ குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏய், வழி விடுங்கடி, கான்வென்ட்டு வந்திருக்கு" என்றாய். அன்றிலிருந்து என் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. வேறு யாருக்கும் அந்த உரிமையை நான் கொடுக்கவும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் விளையாட்டாக அப்படிக் கூப்பிட்டுப் பார்த்தார். அன்று ராத்திரி அவருக்குப் பழைய குழம்புதான்.

மழை கொஞ்சம் விட்டதும் குடையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். கலைச்செல்வி கூடத்தில் உட்கார்ந்து பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா கலை, உன் மாமியார் இந்த மழையில மாடியில என்ன பண்றா?"

அவள் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ பெரியம்மா, உங்களுக்கும் வந்துடுச்சா? உங்க நம்பர எடுத்துடணும்னு நெனச்சேன்."

அப்புறம்தான் எல்லாம் சொன்னாள். நீ தவறியதை அவர்கள் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவே இல்லை. சொன்னால், கைப்பக்குவம் போயிற்று என்று ஆர்டர் நின்றுவிடும் என்கிற பயம். தஞ்சாவூரில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆரோக்கியராஜ்தான் இப்போது வழி சொல்லியிருக்கிறார். மாசாமாசம் செய்தி எழுத ஏ.ஐ. இருக்கிறது, அம்மா பெயரிலேயே போகட்டும், ஜனங்களுக்கு அந்த முகம்தான் பிடிக்கிறது என்று.

"தப்புன்னு தெரியுது பெரியம்மா. ஆனா மாடியில வேல பாக்குற பொம்பளைங்கள நெனச்சுப் பாருங்க. நடவு முடிஞ்சா, அறுப்பு வர்ற வரைக்கும் அவங்களுக்கு வேற என்ன இருக்கு? நான் சொல்லி, ஆர்டர் நின்னுடுச்சுன்னா அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

நியாயமான பயம். நிறுத்து என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "அதெல்லாம் சரி. உன் அத்தை இப்படிப் பேசவே மாட்டாளே."

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க திருத்திக் குடுங்களேன். உங்களவிட அவங்களத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா?"

என் டீச்சர் கர்வம் உனக்குத் தெரியும். ஒரு கட்டுரையைக் கொடுத்துத் திருத்து என்றால், அந்தக் கட்டுரை எதற்கு என்று கேட்கமாட்டேன். சரி என்றேன்.

ஆரோக்கியராஜ் ஒரு நாள் லேப்டாப்போடு வந்தார். மரியாதை தெரிந்த மனிதர், செருப்பைச் சீராகக் கழற்றி வைத்தார். "எப்படி வேணும்னு சொல்லுங்க மேடம். அது அப்படியே எழுதிக் குடுக்கும்."

"செல்லங்களேங்கறத எடுங்க. தாயின் அன்பும் வேண்டாம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு அடைமொழி போதும். அப்புறம், ஐப்பசியில யாரும் வடகம் உருட்ட மாட்டாங்க. அதுகிட்ட சொல்லுங்க."

"அதுக்கு மாசம் தெரியாது மேடம். நாமதான் சொல்லணும்."

"மாசம் தெரியாதவங்க எதுக்கு வடகத்தப் பத்தி எழுதணும்?"

அவர் சிரித்துக்கொண்டே தட்டினார். நான் சொல்லி முடிப்பதற்குள் அது அடுத்ததை எழுதிவிட்டது. திருத்தினால் முகம் சுளிக்கவில்லை. எத்தனை தரம் அடித்துத் திருப்பிக் கொடுத்தாலும் அதே பணிவோடு மறுபடி எழுதிற்று. என் வாழ்நாளில் இப்படி ஒரு மாணவி எனக்குக் கிடைத்ததில்லை. காப்பி வந்தது, ஆறிப்போயிற்று. அரைமணி கழித்து, "மழை வந்தப்புறம் குடை தேடுறவளும் ஐப்பசியில வடகம் கேக்குறவளும் ஒண்ணு" என்று ஒரு வரி திரையில் வந்தது. கலை கையைத் தட்டி, "அத்தையேதான்!" என்றாள். நானும் சிரித்தேன். நீ போனபிறகு அந்தக் கூடத்தில் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போக மனசே இல்லை.

"இன்னும் துல்லியமா வரணும்னா, அவங்க பேசின பழைய மெசேஜ் ஏதாவது இருக்கா?" என்று ஆரோக்கியராஜ் கேட்டார்.

கலை உன் போனைக் கொண்டுவந்து கொடுத்தாள். நீ தட்டச்சு செய்யமாட்டாயே, போனைப் பார்த்துப் பேசுவாய், அதுவே எழுத்தாக்கிக்கொள்ளும். அப்படி நீ தினமும் எனக்கு அனுப்பியதெல்லாம் அதில் கிடந்தது. அவர் மொத்தத்தையும் உள்ளே கொட்டினார். கொஞ்ச நேரத்தில் புதுச் செய்தி தயாராயிற்று. கலை உரக்கப் படித்தாள்.

"என்ன கான்வென்ட்டு, சாப்பிட்டியா? தனியா இருக்கோம்னு சமைக்காம கெடக்காத. இந்த மாசம் எலுமிச்சை ஊறுகாய் வாங்கினா நார்த்தங்காய் ஊறுகாய்க்குத் தள்ளுபடி."

ஊர் ஊராக உன்னிடம் ஊறுகாய் வாங்குகிற அத்தனை பேருக்கும் போகவேண்டிய செய்தி அது.

கலை பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். ஆரோக்கியராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்த வார்த்தை நிறைய தடவ வந்திருக்கு மேடம். கஸ்டமரக் கூப்பிடுறதுன்னு எடுத்துக்கிச்சு போல. ஒரு நிமிஷம், மாத்திடறேன்."

மாற்றுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. அதுவரை, உன்னைப் போல இல்லை என்பதுதான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது உன்னைப் போலவே இருந்தது. அது எவ்வளவு பெரிய குற்றம் என்று அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவு நேரமும் உட்கார்ந்து அதற்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"மூடிடுங்க தம்பி," என்றேன். அவர் மூடினார்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்தது என் வீட்டுக்காரர் போன நாள். கூடம் நிறைய ஜனம். வந்தவர்கள் எல்லாரும் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள். நல்ல மனுஷன், கொடுத்துவைத்த சாவு, தைரியமாக இரு. நீ மட்டும் வாயே திறக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வெகுநேரம் கழித்து என் காதோரம் குனிந்தாய். "இனிமே டீவி ரிமோட்டு உன் கையில. அந்த நியூஸ் இழவ யாரும் பாக்கச் சொல்ல மாட்டாங்க." எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். அழுகிறேன் என்று ஜனம் இன்னும் உரக்க அழுதது. நீ என் முதுகைத் தடவிக்கொண்டே, "அழட்டும், யாரும் தடுக்காதீங்க" என்றாய். படுபாவி.

அதற்கு முந்தின நாள்வரை நீ பேசியதை எல்லாம் யாராவது ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தாலும், அந்த வாக்கியம் அதிலிருந்து வந்திருக்காது. எனக்கே தெரியாது நீ அதைச் சொல்லப்போகிறாய் என்று. உனக்கும் அந்த நிமிஷத்துக்கு முன்னால் தெரிந்திருக்காது.

கலை அழ ஆரம்பித்துவிட்டாள். "அப்ப நான் என்னதான் பெரியம்மா பண்றது?"

"உன் பேர்ல எழுது. அவ செத்துப்போனதையும் எழுது."

"எனக்கு எழுத வராதே!"

"சேதி சொல்லத்தானே போற? அதுக்கு என்ன எழுத வரணும்?"

ஆரோக்கியராஜ் தயங்கினார். "செய்யலாம் மேடம். ஆனா கஸ்டமர் போயிட்டா என்னத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டோம். திட்டறவ போயிட்டா," என்றேன்.

கலை மாடிப்படியில் போய் உட்கார்ந்து போனில் எழுதினாள். எழுதி என்னிடம் காட்டினாள். "வணக்கம். நான் கலைச்செல்வி, மருமகள். அத்தை தை மாசம் தவறிட்டாங்க. சொல்ல பயமா இருந்துச்சு, அதான் சொல்லல. மன்னிச்சுக்கங்க. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அவங்க கூடத்தான் உருட்டுறேன். இப்ப மழை, வடகம் இல்ல. ஊறுகா இருக்கு." என் கை பேனாவைத் தேடியது. மூன்று இடம் கண்ணில் குத்தியது. ஒன்றிலும் கை வைக்கவில்லை. உன்னிடம்கூட நான் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

அந்த யந்திரத்தை நாங்கள் தூக்கிப் போட்டுவிடவில்லை. கலை எழுதியதை வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தது. கூரியர் எத்தனை நாளாகும், ஊறுகாயை எப்படி வைப்பது என்கிற பக்கங்களையெல்லாம் சுத்தமாக எழுதிற்று. நான் பார்த்து ஒரே ஒரு 'டிலைட்ஃபுல்'லை மட்டும் எடுத்தேன். யாராகவும் நடிக்காதபோது அது நல்ல வேலைக்காரிதான்.

செய்தி போன அன்று சாயங்காலம்வரை ஒரு சத்தமும் இல்லை. மாடியில் வேலை பார்க்கிற பெண்கள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, போகாமல் வாசலிலேயே நின்றார்கள். "அடுத்த வாரம் வரவாக்கா, வேணாமா?" என்று ஒருத்தி கேட்டாள். கலை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெபமாலை உருட்டப் பழகியவள் இல்லை. ஆனால் அன்று சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது ஏதோ வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது ஒரு ஏச்சு. செத்தவள் பெயரில் விற்றீர்களா என்று கேட்டு ஒரு அம்மாள் கணக்கை முடித்துக்கொண்டாள். அவள் கேட்டது சரி. அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு, அப்புறம் எண்ணவில்லை. ஆழ்ந்த அனுதாபம் என்று சிலர். 'அம்மா என்னை ஒருதரம் வாங்கு வாங்கென்று வாங்கினார், இனி யார் திட்டுவார்' என்று ஒருத்தர். கலை அதற்குத் தானே பதில் போட்டாள், "எனக்குத் திட்ட வராதுங்க. மிளகாதான் காரமா இருக்கும்." அந்த மனிதர் உடனே அரைக்கிலோ கேட்டார். வாசலில் நின்ற பெண்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். கார்த்திகையில் ஆர்டர் கொஞ்சம் படுத்தது, மார்கழியில் எழுந்துகொண்டது. யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை.

இப்போது சித்திரை. உன் மாடியை நான் மறுபடி பார்க்கிறேன். நேற்று கலை வந்தாள். பெங்களூரில் ஒருத்தர் ரத்த அழுத்தக்காரராம், உப்பைக் குறைத்து வடகம் போடமுடியுமா என்று கேட்டிருக்கிறார்.

"அத்தை இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க பெரியம்மா?"

உப்பில்லாவிட்டால் அது வடகமே இல்லை என்பாள் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டேன். நீ அப்படியும் சொல்லியிருப்பாய். அந்த ஆளை வீட்டுக்கே வரவழைத்துத் தனியாக உருட்டியும் கொடுத்திருப்பாய். இரண்டும் இல்லாமல் நான் நினைத்தே பார்க்காத மூன்றாவது ஒன்றைச் சொல்லி என்னை வாயடைத்திருப்பாய்.

"தெரியாதும்மா," என்றேன்.

அவள் எழுந்தாள். உப்பைக் குறைத்து ஒரு முறம் தனியாக உருட்டிப் பார்க்கிறேன், பூஞ்சை பிடித்தால் நமக்குத்தானே நஷ்டம் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். எனக்கும் நீ விட்டுப்போனது ஒன்று மிச்சம் இருக்கிறது. நாற்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்தும், நீ அடுத்து என்ன சொல்வாய் என்பது எனக்குத் தெரியாது. அதை இனி யாரிடமும், அந்த யந்திரத்திடமும்கூட, கேட்டுத் தெரிந்துகொள்ளப் போவதில்லை.