உனக்கான நேர் பார்

அன்பு மனைவி பஸீஹாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். உம்மாவின் இருமல் குறைந்ததா?

இங்கே தோஹாவில், வேலை செய்யும் சைக்கிள் கடையிலேயே ஒவ்வொரு சாமானாகத் தேடியெடுத்துப் பொருத்தி எனக்கொரு ரேஸ் சைக்கிள் பூட்டிவிட்டேன். சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே சரிந்த பார் வேண்டாமென்று நேரான பார் உள்ள பிரேமாகத் தெரிவு செய்தேன்.

"ரேஸ் சைக்கிள் பார்ல ஆருடா குந்துற?" என்று கூட வேலை செய்யும் மஸாஹிர் சிரித்தான்.

நேற்று அதை மிதித்து ஓடிப் பார்த்தபோது வளைவில் விழுந்தேன். முழங்கையில் சிறு உரசல்தான், பயப்படாதே.

"காலை அகட்டி மிதிச்சா விழாம என்ன செய்யும்?" என்றான் மஸாஹிர்.

அப்போதுதான் கவனித்தேன். ஊரில் உன்னைப் பாரில் ஏற்றிப் பாலாவிக்கு மிதித்த பழக்கத்தில், முழங்கால்கள் உனக்கு இடம் விட்டிருக்கின்றன.

தம்பி ஹஸ்மி இங்கு வரும்போது, பழைய சைக்கிள் பாரில் நீ கட்டிய குட்டி மெத்தையைக் கழற்றிக் கொடுத்தனுப்பு. இதில் கட்டப்போகிறேன். மஸாஹிர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கடை திறக்கும் நேரம், ஓடுகிறேன்.

உன்
ஹுனைஸ்