சாப்பிடாத மீனுக்குப் போட்ட இரை

ஸ்காபரோ
செப்ரெம்பர் 14

அன்பு மகள் றெபேக்காவுக்கு,

மாதாவின்ர காவலில இஞ்ச நானும் கொப்பரும் நல்ல சுகம். அங்க நீயும் ஜதுர்சனும் குளிருக்கு முந்தியே தடிச்ச ஜக்கெற்றுகளை வெளியில எடுத்து வைச்சுக்கொண்டு சுகமா இருக்கிறியள் எண்டு நம்பி எழுதிறன். போன் இருக்க இந்த மனிசிக்கு என்ன கடிதம் எண்டு சிரிப்பாய், சிரி. போனில கதைச்சா கொப்பர் ரீவீச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டுக் காதைக் குடுத்துக்கொண்டிருக்கிறார், உன்ர பேர் வந்தா மட்டும் சத்தத்தைக் கூட்டிவிடுறார். இது அவருக்குத் தெரியாமல் சொல்லவேண்டிய விசயம், அதோட கவருக்குள்ள ஒரு சாமானும் வருது, அதைப் பிறகு சொல்லுறன். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், ஆறுதலா வாசி, விளங்காட்டி உன்ர மனிசனிட்டைக் குடு, பிக்கரிங்கில தேவாரம் பாடி வளந்த பெடியன், உன்னிலும் வடிவா வாசிப்பான்.

அப்பா தன்ர வாயால வா எண்டு சொன்னாத்தான் இந்த வீட்டு வாசலுக்கு வருவன் எண்டு நீ ஏப்ரலில சொன்னனி, அதை நான் மறக்கேல்லை. பிழை முழுக்க அவரில எண்டும் சொல்லமாட்டன். கோயிலுமில்லை குருவானவருமில்லை, நீங்கள் இருக்கிற உந்த ரெறஸ் ஊர்க் கந்தோரில ரெண்டுபேரும் கையெழுத்து வைச்சுப்போட்டு, எங்களுக்குச் சொல்ல முந்திப் படத்தை ஊர் பாக்கப் போட்டிட்டியள். கொப்பர் அதைக் கோயில் வாசலில வேரோனிக்கா அன்ரி சொல்லித்தான் கேள்விப்பட்டவர். வாழ்த்துக்கள் சீமோன் அண்ணை எண்டு அவ கையைப் பிடிச்சுக் குலுக்க, தனக்கு லொத்தர் விழுந்திட்டுதாக்கும் எண்டு இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டவர். இப்ப நினைக்க எனக்குச் சிரிப்பா இருக்கு, அண்டைக்கு மனிசன் பூசைக்கு உள்ளுக்கே வரேல்லை. பெடியன் சைவம், நாங்கள் வேதக்காரர் எண்டு சொல்லுறதெல்லாம் சாட்டு, அவருக்கு நொந்தது அந்தக் குலுக்கல்தான்.

சரி, இனி மீன் கதைக்கு வாறன், அதுக்குள்ளதான் உன்ர கதையும் கிடக்கு. வேலையால நிண்ட பிறகு கொப்பருக்கு வீட்டுக்குள்ள கால் தரிக்கிறேல்லை. இப்ப ஏரியில இருந்து பெரிய பெரிய சால்மன் மீனெல்லாம் முட்டையிட ஆத்துக்கு ஏறுற காலம், சனிக்கிழமையில விடிய வெளிக்கிட்டு டஃபின்ஸ் ஆத்துக்குப் போறம். எனக்கு மடக்குக் கதிரையும் சுடுதண்ணிப் போத்தில் நிறையத் தேத்தண்ணியும், அவருக்குத் தொடை மட்டும் ஏறுற றப்பர் சப்பாத்து. போற வழியில ஜதுர்சன்ர தாய் தேப்பனின்ர தெரு வரும், அதால போகாமல் ஊரைச் சுத்திக்கொண்டு போவார், கேட்டா அங்க சிக்னல் கூடவாம். இரைக்கு மீன்சினைதான் திறம் எண்டு நிக்கிறார். சினையை உப்பும் சீனியும் பிரட்டி வைச்சு, பேந்து வலைத்துணியில நெல்லிக்காய் அளவில பொட்டளி கட்டித் தூண்டிலில கொழுவிறது. முதல்முறை அவர் பிறிட்ஜுக்குள்ள சினையை வைச்சிருக்க, பொரிக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் எண்டு நினைச்சு வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுப் பொரிச்சிட்டன். கொஞ்சம் இனிக்குதே எண்டு யோசிச்சனான்தான். அவரும் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டிட்டு, விடிய எழும்பி இரை எங்க எண்டு கேக்கிறார். உங்கட வயித்துக்குள்ள எண்டன். அண்டைக்கு வெறுந் தூண்டிலோட போனவர், சினையைக் குழைச்ச கையைக் கழுவாமல் போயிருந்தாலாவது மணத்துக்கு ஒண்டு வந்திருக்கும். பிறகு மீனை இழுக்கிற வாசத் தைலம் எண்டு ஒரு சின்னப் போத்தில் வாங்கிக்கொண்டு வந்தார், மூடியைத் திறந்து மணந்தா எங்கட பெருஞ்சீரகம். இப்ப நானே இடிச்சுத் தூவி விடுறன், மீனும் முறைப்பாடு சொல்லேல்லை.

அந்த வலைத்துணியைப் பற்றித்தான் எழுதவோ விடவோ எண்டு கிடந்தது. நீ கம்பசில படிக்கேக்க உன்ர கலியாண முக்காட்டுக்கெண்டு வெள்ளை வலைத்துணி வாங்கி அலுமாரியில வைச்சிருந்தனான் எல்லே. கொப்பர் அதை எடுத்து, இனி உது என்னத்துக்கு எண்டு அதின்ர ஓரத்தில சதுரம் சதுரமா வெட்டி என்ர முன்னால வைச்சவர். எனக்கு அழுகை வந்திட்டுது. அழுதுகொண்டே பொட்டளியும் கட்டினன், வேற என்ன செய்யிறது, அவற்ற விரலுக்கு அந்தச் சின்ன முடிச்சு வராது. கிழமைக்கு ஒரு துண்டாத் துணி குறைஞ்சுகொண்டு வந்தது.

போன கிழமைக்கு முதல் கிழமை ஆத்தங்கரையில ஒரு மீனும் தொடேல்லை. மீனுக்குப் பசியில்லையாக்கும் எண்டு பகிடிக்குச் சொன்னன். அதுக்கு அவர், ஆத்துக்கு ஏறின பிறகு உந்த மீன் சாப்பிடாது, வயிறு சுருங்கிப்போம் எண்டார். அப்ப பேந்து என்னத்துக்கு இரை எண்டன். சினையெண்டாப் பழக்க தோசத்தில கவ்வுமாம், மற்றும்படி மூக்குக்கு முன்னால ஒண்டு ஆடிக்கொண்டு நிண்டா ஆத்திரத்தில கவ்வுமாம், பசிக்குக் கவ்விறதில்லையாம். நான் அவரைத் திரும்பிப் பாத்தன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தண்ணியையே பாத்துக்கொண்டு நிக்கிறார். எனக்கு அப்பதான் புத்தி வந்தது. ஏப்ரலில இருந்து இந்த மனிசனுக்கு நான் போட்டதெல்லாம் சாப்பாடு. ஒடியல் கூழ் காய்ச்சினன், நண்டுக்கறி வைச்சன், உன்ர முதல்நன்மைப் படத்தைத் தூசி தட்டி அவற்ற கதிரைக்கு நேர வைச்சன், பங்குச் சுவாமியைக் கூப்பிட்டுப் புத்தி சொல்லுவிச்சன். எல்லாத்தையும் சாப்பிட்டு, சுவாமிக்கும் தலையாட்டி, ஏப்பம் விட்டிட்டுப் போய்ப் படுத்தார். உன்ர பேரை மட்டும் சொல்லேல்லை.

நீ எனக்கு ஒரு படம் அனுப்பினனி எல்லே, ஜதுர்சன் ஆத்துக்குள்ள தடியோட நிக்கிறது, அடுத்ததில மீனின்ர வாயில இருந்து இரைக்குப் பதிலாக் கொழுவிற அந்த மினுங்குற ஸ்பூன் தகரத்தைக் கழட்டிறது. மரக்கறிக்காரப் பெடியன், சினையும் புழுவும் தொடமாட்டான், தகரத்தாலதான் பிடிப்பான், பிடிச்சதையும் திருப்பி விட்டிடுவான் எண்டு எழுதியிருந்தாய். நான் போனைத் திறந்து முதல் படத்தைக் கொப்பற்ற சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில வைச்சு, மருமகன் நல்லாத்தான் மீன் பிடிப்பார் போல கிடக்கு எண்டு மட்டும் சொல்லிப்போட்டுக் குசினிக்குள்ள போயிட்டன். எட்டிப் பாத்தா மனிசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரெண்டு விரலால படத்தைப் பெருப்பிச்சுப் பாக்கிறார். பிறகு பிடிச்சாரே ஒரு பிடி. தண்ணி பால்தேத்தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கு, அதுக்குள்ள உவன் விரல் நகத்தளவு வெள்ளித் தகரத்தைப் போடுறான், மீனுக்கென்ன ரோச்லைற் கட்டியோ கிடக்கு எண்டார். கலங்கின தண்ணிக்குச் செம்மஞ்சளோ பச்சையோ, அகலமா, தூரத்தில தெரியவேணும். தண்ணி தெளிஞ்சு வெயிலும் எறிச்சாத்தான் சின்னன், அதுவும் செம்பு நிறம். எறிஞ்ச உடன விசர் பிடிச்ச மாதிரிச் சுத்தி இழுக்கக்கூடாது, ஆத்தின்ர அடியில தட்டித் தட்டி ஆறுதலா ஆடிவரவேணும். சோறு காஞ்சு போச்சு, மனிசன் நிப்பாட்டேல்லை. மீன் தின்னாதவன் என்னத்துக்கு மீன் பிடிக்கிறான் எண்டார், பிடிச்சுப்போட்டு விட்டிடுவாராம் எண்டன். அதுக்குக் கொஞ்சம் அடங்கி, வாயில கொழுவிப் பிடிச்சவனோ, உடம்பில கொழுவிக் களவா இழுத்தவனோ எண்டு கேட்டார். மற்றப் படத்தைக் காட்டினன். வாயிலதான். ம் எண்டார். அந்த ம் எனக்குப் போதும், ஆனா அவருக்குப் போதேல்லை. கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுச் சொன்னார்:

"உவன் இஞ்ச வரட்டும், நான் காட்டுறன்."

கோவத்தில சொன்னதுதான், பல்லைக் கடிச்சுக்கொண்டு சொன்னதுதான், இல்லையெண்டில்லை. ஆனா பிள்ளை, வரட்டும் எண்டா வரட்டும்தான். அடிக்க வரட்டும் எண்டாலும் கதவு திறந்துதானே கிடக்கவேணும். அவன் வந்தா நீ என்ன தனிய அங்க இருக்கப்போறியோ? நீ கேட்டது வா எண்ட ஒரு சொல், கிடைச்சது வரட்டும், இதுக்கு மேல இழுத்தாத் தூண்டில் தங்கூசி அறுந்துபோம், சொல்லிப்போட்டன். அடுத்தநாள் தன்ர பெட்டியைக் கிளறி ஒரு செம்மஞ்சள் ஸ்பூனை எடுத்துக்கொண்டு வந்து, இதை அங்க அனுப்பு எண்டார். மருமகனுக்கோ எண்டு கேட்டன். அவனுக்கில்லை, மீனுக்கு எண்டிட்டுப் போறார். அதுதான் கவருக்குள்ள வாற சாமான்.

அதால நான் சொல்லுறதைக் கேள். அடுத்த மாதம் வாற தாங்ஸ்கிவிங் லோங் வீக்கென்டுக்கு ரெண்டுபேரும் ரிக்கெற்றைப் போடுங்கோ, அதுக்குப் பிந்தினா மீன் போயிடும், கொப்பற்ற கோவமும் ஆறிப்போய்த் திரும்ப வாய் மூடிடுவார். வந்தவுடன பிறஷர் எப்பிடி, சுகர் எப்பிடி எண்டு கேக்காதை, எந்த நிறம் போடுறது எண்டு கேள். ஜதுர்சனுக்கும் சொல்லிவை, ஆத்தங்கரையில எல்லாத்தையும் சரியாச் செய்யவேண்டாம், இடைக்கிடை ஒரு பிழை விடச்சொல்லு, திருத்த ஒண்டும் இல்லாட்டிக் கொப்பருக்குக் கதையும் இராது. தகரமோ சினையோ திறம் எண்டு அவரோட கொளுவினாலும் பரவாயில்லை, நல்லா வாதாடட்டும். அவனுக்கு மரக்கறி சமைக்கவெண்டு புதுச் சட்டி வாங்கி வைச்சிட்டன், மீன் படாத சட்டி எண்டு தாய்க்கும் சொல்லச்சொல்லு. கோயில் கதையை நீ எடுக்காதை, அதை என்னட்டை விடு. முக்கியமா, பிரிட்டிஷ் கொலம்பியா லைசென்ஸ் இஞ்ச செல்லாது, ஒன்டாரியோ லைசென்சை வர முந்தி ஒன்லைனில எடுக்கச்சொல்லு, கரையில ஒபிசர் வந்து மருமகனைப் பிடிச்சா இவ்வளவு பாடும் வீண்.

பூசைக்கு நேரமாச்சு. ஸ்பூனின்ர கொழுக்கியில தக்கை குத்தித்தான் அனுப்பவேணும் எண்டு கொப்பர் நிக்கிறார், அதால கவரை ஒட்டாமல் மேசையில வைச்சிட்டுப் போறன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிஞ்சு வரேக்க பனிப்புகாருக்குள்ள காரைக் கவனமா ஓடு. மாதா உங்கள் ரெண்டுபேரையும் தன்ர சேலைக்குள்ள வைச்சுக் காக்கட்டும். லைசென்சை மறக்காதை.

உன்னைப் பாக்கக் கண் தேடுற
அம்மா பேர்ணடெற்

இதுக்குக் கீழ எழுதிறது அப்பா. தக்கையைக் கழட்டேக்க கவனம், கொழுக்கி கூர். கடிதத்தை ஏன் திறந்து வைச்சிட்டுப் போனவ எண்டு எனக்கு விளங்காதெண்டு கொம்மா நினைக்கிறா. பொட்டளி கட்ட நேற்று மீன்சாமான் கடையில வேற வலைத்துணி வாங்கியிட்டன். மற்றதில மிஞ்சினதை அளந்து பாத்தனான், உன்ர தலைக்கு முக்காடு போடக் காணும். வா மகள். உவனையும் கூட்டிக்கொண்டு வா.