எட்டாம் வகுப்பு எடைப் பட்டியல்

ஜூலை 8, 2025, செவ்வாய்

எட்டாம் வகுப்புக்கு உயரம், எடை எடுத்தேன். நாற்பத்தாறு பேரில் பதிமூன்று பேர் இருக்க வேண்டிய எடையைத் தாண்டியிருக்கிறார்கள். மெஷினில் கோளாறோ என்று நானே ஏறிப் பார்த்தேன். கோளாறு இல்லை. பி.டி. டீச்சர் என்று என்னை வைத்திருக்கிறார்கள், பி.டி. பீரியடை எல்லாம் கணக்கு சாருக்குக் கொடுத்துவிட்டார்கள். மைதானத்தில் பாதியில் ஸ்கூல் பஸ் நிற்கிறது. பிள்ளைகள் எங்கே ஓடும்?

மணியடிப்பதற்குள் முடிக்க வேண்டுமென்று நான் எடையைச் சத்தமாகச் சொல்லச் சொல்ல லீடர் பெண் எழுதினாள். சினேகா ஏறினாள். "எழுபத்தொண்ணு" என்றேன். வகுப்பே சிரித்தது. "சத்தம் போடாதீங்க" என்று அதட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

ஜூலை 10

தலைமையாசிரியை பட்டியலைப் பார்த்தார். "பதிமூணு பேரா? பெத்தவங்க நம்ம ஸ்கூலப் பத்தி என்ன நினைப்பாங்க? நாலுன்னு போடுங்க டீச்சர்."

கேன்டீனில் பப்ஸும் கலர் பாட்டிலும் விற்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் போனை எடுத்துவிட்டார்.

ஜூலை 11

நாலு என்று எழுதிக் கொடுத்தேன்.

ஜூலை 21, திங்கள்

காலை பிரேயரில் சினேகா மயங்கி விழுந்தாள். பத்து நாளாகக் காலையிலும் மதியமும் சாப்பிடுவதில்லை என்று பக்கத்தில் நின்றவள் சொன்னாள். டிபனை நாய்க்குக் கொட்டிவிடுகிறாளாம்.

அவள் அம்மா வள்ளித்தாய் பட்டாசு கம்பெனியிலிருந்து அப்படியே ஓடி வந்தார். கையெல்லாம் வெள்ளிப் பொடி.

"ஆறு மணிக்கு கம்பெனி வேன் வந்துரும் டீச்சர். வீடு திரும்ப இருட்டிரும். கடையில புரோட்டா வாங்கித் தின்னுக்கோன்னு சொல்லுதேன், வேற என்ன செய்ய? பொம்பளப் பிள்ளைய வெளிய வெளையாட விடவும் பயம். கதவப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருக்கச் சொல்லிட்டுப் போறேன். ஒடம்பு போட்டது எங்க தப்புன்னே வைங்க. அத அம்புட்டுப் பேர் காதுல விழச் சொன்னது யாரு?"

"பிள்ளைங்க கேலி பண்ணியிருக்கும்மா" என்றார் தலைமையாசிரியை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம்ல? நாந்தான்னு ஒரு வார்த்தை... வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தேன்? ச்சே.

ஜூலை 28

சினேகாவுக்கு டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆகஸ்ட் 5

வாரத்துக்கு ஒரு பீரியடாவது விளையாட விடுங்கள் என்று கேட்டேன். "காலாண்டுப் பரீட்சை முடியட்டும்" என்றார் தலைமையாசிரியை.

செப்டம்பர் 12, வெள்ளி

சாயங்காலம் திருத்தங்கல் பஸ் ஸ்டாப்பில் சினேகாவைப் பார்த்தேன். வேறு பள்ளிச் சீருடை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மெலிஞ்சு நல்லா ஆயிட்டாளே!" என்றார் கூட நின்ற கணக்கு சார் சங்கிலிமுத்து.

அவளிடம் போனேன். "சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன் டீச்சர்." முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அன்னைக்கு நான்..." என்று தொடங்குவதற்குள் ஒரு பஸ் வர, ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

அவள் ஊர் ஆமத்தூர். அந்த பஸ் எதிர்த்திசையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறது.