எண்களை நேராக நிறுத்திய நாள்

என் உயிரான கமலாக்காவுக்கு,

நீ போன பிறகு நாட்டில் என்னென்னவோ நடந்துவிட்டது. வெள்ளைக்காரன் கொடி இறங்கி நம் கொடி ஏறிவிட்டது. ஜாலான் பெண்டஹாரா தெரு முழுக்கத் தோரணம். எல்லாரும் "மெர்டேக்கா" என்று மலாயில் விடுதலை முழக்கம் கூவியபோது, பக்கத்தில் நீ இல்லையே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

நம் வீட்டில் நடந்தது உனக்குத் தெரியுமா? உன் காரியம் முடிந்த கையோடு அம்மா, "பிள்ளைக்குத் தாய் வேணும். நீயே அத்தானைக் கட்டிக்கோ" என்றாள். உன் அடுப்படியில் போய் நிற்பதை என்னால் நினைக்கவே முடியவில்லை. ஒரு வேலை கிடைத்தால்தான் மறுத்துப் பேச முடியும் என்று தோன்றியது.

ஆற்றோரம் ஒரு சரக்கு அலுவலகத்தில் டைப்ரைட்டிங் பரீட்சை வைத்தார்கள். சரக்கின் பெயர், மூட்டை, எடை என்று மூன்று பத்தி. நான் அடித்த முதல் தாள் முழுக்கக் கோணல். பெயர் நீண்ட வரியில் எல்லாம் எண் தள்ளிப்போயிருந்தது.

"இன்னொரு தாள் போடுங்க, அவசரமில்ல" என்றார் அங்கே தலைமை எழுத்தரான பெரிய கிராணி.

இருப்பதிலேயே நீளமான பெயரைத் தேடி எழுத்துகளை எண்ணினேன். அதையும் தாண்டிக் கொஞ்சம் இடம் விட்டு அடுத்த பத்தியைத் தொடங்கினேன். சின்ன எண்களுக்கு முன்னால் வெற்றிடம் தட்டி, கடைசி இலக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி நிறுத்தினேன். தாளை உருவியபோது எல்லாம் நூல் பிடித்தாற்போல் இருந்தது.

"திங்கக்கெழமை வந்துருங்க" என்றார்.

அன்று மாலையே அத்தானிடம் போனேன். "வேலை கெடைச்சிருச்சு அத்தான். கல்யாணம் வேணாம்."

அவர் உன் மகள் ராணியின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "எனக்கும் மனசு வரலம்மா. ஒங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசுவதில்லை. காஜா பேராங்கில் ஒரு மலாய்க்கார அம்மா வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். சாப்பிட்டாயா என்று அவர் கேட்டால் தலையாட்டிவிடுகிறேன். பகலெல்லாம் கை ஓடிக்கொண்டே இருக்கிறது. அறைக்குத் திரும்பினால்தான் பேச ஆளில்லை. நான் செய்தது சரிதானா அக்கா?

"சித்தி, நீ ஏன் எங்க வீட்டுல இருக்க மாட்டேங்கிற?" என்று ராணி போன வாரம் கேட்டாள். ஞாயிறுதோறும் போவேன், தலை வாரிவிடுவேன், உன்னைப்பற்றிப் பேசுவேன். ஆனால் அவள் அம்மா என்று சொன்னால் அது நீ மட்டும்தான். அந்த இடத்தை யாருக்கும், எனக்கும்கூட, விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உன் தங்கை, உன் மகளின் சித்தி,
சரசு